கடைசியாக வந்த தகவல்

மூன்றாவது பெட்டியும் பதில் சொல்லவில்லை.

நர்மதா கட்டளையை மறுபடி தட்டினாள். கறுப்புத் திரையில் அதே வரி மறுபடி வந்து நின்றது: சென்றடைய இயலவில்லை.

திருமானூரில், ஆற்று நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் அலுவலகத்தின் மாடியறையில், அவளைத் தவிர இருந்தது ஒரு லினக்ஸ் சர்வர் மட்டுமே. கொள்ளிடத்துக்குள் நட்ட நான்கு கம்பங்களில் நான்கு பெட்டிகள். ஒவ்வொன்றும் மணிக்கொரு முறை நீர்மட்டத்தை அளந்து அனுப்பும். தான் இயங்குவதைத் தெரிவிக்க நிமிடத்துக்கொரு முறை ஒரு துடிப்பையும் அனுப்பும். வந்ததை சர்வர் ஓர் இணையப் பக்கமாக்கிக் காட்டும்.

படுகையில் இருப்பவர்கள் மாட்டை ஆற்றில் இறக்கும் முன் கைபேசியில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பச்சை என்றால் இறங்கலாம்.

பக்கம் பச்சையாகவே இருந்தது.

ஆகவே அவளுக்குப் பதற்றமில்லை. இது வெறும் இணைப்புக் கோளாறு. அதற்கென்று ஒரு முறை உண்டு. அருகிலிருப்பதில் தொடங்கித் தொலைவிலிருப்பதை நோக்கிப் போக வேண்டும்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். முகவரிகளைச் சரிபார்த்தாள். இணையப் பக்கத்தை வழங்கும் சேவையை நிறுத்தி மீண்டும் இயக்கினாள். யார் எப்போது பார்த்தார்கள் என்று பதியும் லாக் கோப்பைத் திறந்தாள். காலையிலிருந்து நாற்பத்தொரு பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தார்கள். நாற்பத்தொரு வரியிலும் 200 என்ற எண். கேட்டவருக்குக் கேட்டது குறையின்றி வழங்கப்பட்டது என்று அதற்குப் பொருள்.

மிஞ்சியது நான்காவது பெட்டி. மற்ற மூன்றும் தங்கள் தகவலை அதனிடம்தான் ஒப்படைக்கும். அதுதான் சர்வருக்கு அனுப்பி வைக்கும். அதன் துடிப்பு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. மற்றவற்றிடமிருந்து வாங்குவதில் அதற்கு ஏதோ தடை. ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

பத்தேகாலுக்கு, பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வீரமுத்துவை அழைத்தாள். அவர் கரையில்தான் நின்றிருந்தார்.

"அணைச்சுட்டு நூறு எண்ணுங்கண்ணே. அப்பறம் போடுங்க."

"நூறா? எனக்கு அம்பதுக்கு மேல தடுமாறும்மா." சிரித்தார். பிறகு சற்று நிறுத்தி, "மேக்கால மூணு நாளா மழைங்கிறாங்க. தண்ணி கிண்ணி வருதான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

நர்மதா பக்கத்தைப் பார்த்தாள்.

"பச்சைதாண்ணே. எறங்குங்க."

"சரி. செல்போன வண்டியிலயே வெச்சுட்டுப் போறேன். போன வருசம் ஒண்ண ஆத்துக்குக் குடுத்துட்டு, வூட்டுல இன்னும் பேச்சு வாங்கிட்டிருக்கேன்."

கரையிலிருந்து கம்பத்துக்கு மணலில் இருபது நிமிட நடை. வழி நெடுகிலும் ஆளை மறைக்கும் நாணல்.

காத்திருக்கும் நேரத்தில் கோளாறு அறிக்கையை நிரப்பத் தொடங்கினாள். பழுது தொடங்கிய நேரம் என்றொரு கட்டம் இருந்தது. துடிப்புகளின் பட்டியலைப் பார்த்து எழுதினாள்.

முதல் பெட்டி 9.12.

இரண்டாவது 9.40.

மூன்றாவது 10.08.

எழுதிய கை அங்கேயே நின்றது.

இணைப்புக் கோளாறு இத்தனை ஒழுங்காக நேர்வதில்லை. பெட்டிகள் சம தூரத்தில் இருந்தன. இருபத்தெட்டு நிமிடத்துக்கு ஒன்றாக, மேற்கிலிருந்து கிழக்காக அவை அடங்கியிருந்தன. கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடும் திசை அது. அந்தக் கணக்குப்படி நான்காவதின் முறை 10.36.

ஆனால் பக்கம் பச்சையாக இருக்கிறதே.

பக்கம் எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். முப்பத்தேழாவது வரியில் அவளுடைய பெயரும் மூன்று வாரங்களுக்கு முந்தைய தேதியும் இருந்தன. அன்று பக்கம் ஒரு மணி நேரம் வெறுமையாகக் கிடந்தது; அதற்காக மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கினாள். அன்று மாலையே இந்த வரியைச் சேர்த்தாள்.

தகவல் வராவிட்டால், கடைசியாக வந்ததையே காட்டு.

பக்கத்தின் மேல்மூலையில் கடிகாரம் மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. 10.33.

வரியை நீக்கினாள். பக்கம் வெறுமையாயிற்று. மறு கை அதற்குள் வீரமுத்துவின் எண்ணை அழுத்தியிருந்தது.

மணி அடித்தது. முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். கரையில், வண்டியின் பைக்குள், அவருடைய கைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது.

10.34க்கு நான்காவது பெட்டியின் துடிப்பு வந்தது.

10.35க்கும் வந்தது.

10.36க்கு வரவில்லை.

அவர் அணைத்திருப்பார். அணைக்கச் சொன்னதே அவள்தான். நடந்த நேரத்தைக் கணக்கிட்டாலும் இப்போதுதான் கம்பத்தை அடைந்திருப்பார்.

ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். ஐம்பதைக் கடந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

நூறு.

திரையில் எதுவும் வரவில்லை.

இடையில் தடுமாறியிருப்பார். நர்மதா மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.