அளவான பூட்ஸ்

"அடுத்தவங்க கால்ல கிடந்ததை எப்படிக்கா மாட்டிக்கிறது?" கிரிஜா மூக்கைச் சுளித்தாள்.

"வாடகைக் கடையில புதுசாத் தைச்சுத் தருவினமோ? இருந்து காலை நீட்டு, பிள்ளை" என்றாள் இராஜேஸ்வரி.

லிட்கம் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து பஸ் பிடித்து, சிட்னியிலிருந்து பனிமலை பார்க்கப் புறப்பட்டிருந்தார்கள். மலைக்கு ஏறுமுன் அடிவாரத்துக் கூமா என்ற ஊரில் இறங்கி, சறுக்குப் பலகையும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து வந்து, அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஏழெட்டு மாதமே ஆன கிரிஜாவை அவள் கணவன் சேஷாத்ரி தனியாக அனுப்பச் சம்மதிக்கவே இல்லை. நர்ஸ் இராஜேஸ்வரிதான் வீடு தேடி வந்து, "கூட்டிக்கொண்டு போறதும் நான், பத்திரமாக் கொண்டுவந்து விடுறதும் நான்" என்று அவனிடம் பொறுப்பேற்றாள். எந்த வருடமும் இந்தப் பயணத்துக்கு வராத யாழ்ப்பாணத்து மனுஷி, இந்தத் தடவை கிரிஜாவுக்காகக் கிளம்பியிருந்தாள்.

கிரிஜா காலை நீட்டினாள். இராஜேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதென்னடி, மூண்டு சொக்ஸ்!"

"பிறத்தியார் செருப்பைப் போட்டா அவங்க பீடையும் சேர்ந்து ஒட்டிக்கும்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. அதான், மேல படாம இருக்கட்டும்னு..."

"பீடைக்குச் சொக்ஸ் தெரியுமோ? ரெண்டைக் கழட்டு. ஒண்டு போதும். இல்லாட்டி கால் உள்ளுக்க வழுக்கும்."

கடைக்காரர் சிவப்புத் தாடிக்காரர், நல்ல பொறுமைசாலி. ஒரு ஜோடி பலகையை எடுத்து நிமிர்த்தி, அதன் நுனி கிரிஜாவின் தாடையைத் தொடுகிறதா என்று பார்த்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்த உயரம் போதுமாம். அவள் எடையைக் கேட்டு, பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் கொக்கியை அதற்குத் தக்கபடி முடுக்கினார்.

"விழுந்தால் பலகை காலை விட்டுக் கழன்றுவிடுமா?" இராஜேஸ்வரி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கழன்றுவிடும், அம்மணி."

"கழற்றிக் காட்டுங்கள்."

காட்டினார். இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். கிரிஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டும்."

முதல் ஜோடி பூட்ஸ் விரலைக் கடித்தது. இரண்டாவதில் குதிகால் தூக்கிக்கொண்டது. வெளியே பஸ்காரர் ஹாரன் அடித்தார். பூட்ஸ் பொருந்தாவிட்டால் நாள் முழுக்க விடுதியில் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டியதுதான் என்று கூட வந்தவர்கள் முன்பே பயமுறுத்தியிருந்தார்கள். இதற்காகவா சேஷாத்ரியிடம் ஒரு மாதம் கெஞ்சினாள்? கிரிஜாவுக்கு அழுகை முட்டியது.

தாடிக்காரர் உள்ளே போய் ஒரு நீல நிற ஜோடியைக் கொண்டுவந்தார். காலை விட்டதுதான் தாமதம், அவளுக்கென்றே வார்த்தது போல உட்கார்ந்துகொண்டது. முழங்காலை முன்னால் மடக்கிப் பார்த்தாள். எங்கேயும் கடிக்கவில்லை.

"அக்கா, கச்சிதமா இருக்கு! இதேதான்!"

பூட்ஸின் வார்க்கொக்கியை மாட்டிவிடக் குனிந்த இராஜேஸ்வரியின் கை அப்படியே நின்றது. பின்பக்கம் வெள்ளைச் சாயத்தில் 31 என்று கடையின் அடையாள எண் எழுதியிருந்தது.

"இது வேண்டாம். கழட்டு."

"ஏன்? அளவா இருக்கே!"

"கழட்டெண்டு சொல்லுறன்."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தானே இழுத்துக் கழற்றி, இரண்டையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தாடிக்காரரிடம், "இது எனக்கு" என்றாள்.

அவர் அவள் பாதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்கள் காலில் பாதிகூட நுழையாதே, அம்மணி!"

"பரவாயில்லை. வாடகை தருகிறேன். அவளுக்கு வேறு கொடுங்கள்."

கிரிஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு ஆகாததை நீங்க ஏன் எடுத்துக்கணும்? குடுங்கக்கா."

"தரமாட்டன்."

"காரணத்தையாவது சொல்லுங்க."

தாடிக்காரர் தர்மசங்கடத்தோடு ஒரு சாம்பல் நிற ஜோடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தார். பஸ் மறுபடி ஹாரன் அடித்தது.

கிரிஜா சாம்பல் நிறப் பூட்ஸுக்குள் காலைத் திணித்தாள். போட்டுக்கொள்ளலாம், ஆனால் கொஞ்சம் இறுக்கம்தான். அந்த இறுக்கம் ஆத்திரத்தைக் கிளறிவிட்டது.

"ஆஸ்பத்திரில எல்லாரும் சொல்றது சரிதான். தனிக்கட்டை, யார் கூடவும் ஒட்டாதுன்னு. நான்தான் அக்கா அக்கான்னு சுத்தினேன்."

இராஜேஸ்வரி நீல பூட்ஸைக் கீழே விடாமல் தரையில் மண்டியிட்டு, ஒரு கையாலேயே சாம்பல் நிறப் பூட்ஸின் கொக்கியை மாட்ட ஆரம்பித்தாள்.

"விடுங்க, நானே போட்டுக்கறேன்" என்று கிரிஜா காலை இழுத்தாள். நாக்கு அடங்கவில்லை. "நீங்களும் ஒரு பொண்ணைப் பெத்து வளர்த்திருந்தா, இன்னொருத்தி ஆசையா போட்டதைக் கால்லேருந்து இப்படிப் பிடுங்குவீங்களா?"

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது.

இராஜேஸ்வரி கோபப்படவில்லை. இழுத்த காலை மெல்லப் பிடித்துத் தன் மடியில் வைத்து, கடைசிக் கொக்கியையும் மாட்டினாள். இறுக்கம் சரியா என்று விரல் விட்டுப் பார்த்தாள். தலை நிமிரவேயில்லை.

"பெத்தனான், கிரிஜா. அப்ப எனக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியிலதான் வேலை. மலையில இருந்து அவளை உயிரில்லாமல் கொண்டுவந்து கிடத்தேக்க, அவளின்ர காலில கிடந்த இந்தச் சப்பாத்தைக் கழட்டினது நான்தான்."