கரடி கரைத்த பானகம்

யானை வீட்டுக் கல்யாணத்துக்குப் பானகம் கரைக்கும் பொறுப்பு கரடிக்கு வந்தது. அன்று காலையில் பார்த்தால், வெல்லப் பானையை எறும்புகள் காலி செய்திருந்தன. கரடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த அணில், ஓடிப்போய் ஒரு பிடி சீனித்துளசி இலை பறித்து வந்தது.

“அண்ணே, இது சர்க்கரையைவிட இனிக்கும். இந்த ஒரு பிடியே போதும்.”

“கல்யாண வீட்டுல கஞ்சத்தனம் கூடாது தம்பி” என்ற கரடி, ஆற்றங்கரைச் செடிகளையே மொட்டையடித்து, அத்தனை இலையையும் அரைத்து அண்டாவில் கொட்டியது. ருசி பார்த்தால், இலை அளவு மீறியதில் இனிப்பே திகட்டி வாயெல்லாம் கசப்பு!

அதற்குள் வாசலில் மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

“தண்ணி ஊத்துங்கண்ணே, தண்ணி!” என்று கத்தியது அணில்.

கரடி குடத்தோடு ஆற்றுக்கும் பந்தலுக்குமாக ஓடியது. ஓர் அண்டா இரண்டாகி, இரண்டு ஐந்தாகிய பிறகுதான் கசப்பு போய் இனிப்பு நின்றது. அழைக்காமல் வந்த குரங்குக் கூட்டம்கூட வயிறு நிறையக் குடித்தது.

யானைக்குப் பெருமை தாங்கவில்லை. “இவ்வளவு கூட்டம் வரும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது கரடியாரே?”

கரடி மூச்சுவாங்கிக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி, “எல்லாம் அனுபவம்தான்” என்றது.

அணில் சிரிப்பை அடக்க முடியாமல் தன் குவளைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.