ரெண்டு ரெண்டு கல்யாணம்

வடக்கனந்தல் ராமசாமி மகளுக்கு இரண்டு கல்யாணம் ஆகியிருந்தது. உளுந்தூர்பேட்டை லாரிக்காரர் பையனுக்கும் இரண்டு. இத்தனையையும் பண்ணி வைத்தவன் தன் கணவன் ஆகாஷ்தான் என்று நினைக்க நினைக்க மணிமொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதையுமே ஒரு தடவையில உருப்படியா செய்யத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள்.

ஆகாஷ் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு ஃபோல்டர் போடுவான். ஆல்பம் அடிக்கிற லேபுக்கு அனுப்ப, அதே படங்களைச் சுருட்டி ஒரு ஜிப் ஃபைலாகவும் கட்டி வைப்பான். பிறகு இரண்டையும் அப்படியே விட்டுவிடுவான்.

இப்போது டிஸ்க் நிரம்பிவிட்டது. நாளைக்கு எடுக்கப்போகும் முகூர்த்தத்தை இறக்கி வைக்க இடமில்லை. சாயங்காலம் ராமசாமி வேறு, ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வருகிறார். கேமரா கார்டை அழித்து அடுத்த கல்யாணமும் எடுத்தாயிற்று. லேபுக்கும் இன்னும் அனுப்பவில்லை. அவர் மகள் கழுத்தில் தாலி ஏறியதற்கு இந்த டிஸ்க்கை விட்டால் வேறு படம் கிடையாது.

மணிமொழி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவள். கணவனை 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். 'ங்க' போட்டுவிட்டால் அது திட்டில் சேராது என்பது அவள் கட்சி.

டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லா ஜோடியும் கோமுகி அணைமேல் நின்று ஒரே பக்கமாகக் கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று எடுத்தவனுக்கே தெரியாது. இதற்குப் பேர் கலையாம்.

கீழே போகப் போக மணிமொழி–ஆகாஷ் கல்யாணமும் வந்தது. அதுவும் இரண்டு. இந்த ஆளை ஒரு தடவை பண்ணிக்கொண்டதே ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டாள்.

ஜிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து, படமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபோல்டரை அழிக்கலாமே என்று ஆகாஷ் மெதுவாக ஒரு யோசனை சொன்னான். பிரித்துப் போடத்தான் இடமே இல்லையே என்று அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஃபோல்டருக்கும் ஜிப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு நீங்க. தள்ளி ஒக்காருங்க."

ஆபீஸ் வேலையில் கொஞ்ச நாளாக அவள் ஒரு ஜாவா லைப்ரரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜிப்பைப் பிரிக்காமலே, அதையும் ஒரு ஃபோல்டராகப் பாவித்து உள்ளே போய்வர வைக்கிற ரெடிமேட் புரோகிராம் தொகுப்பு அது. '.zip' மாதிரி எப்படி முடிகிற ஃபைல் பெயரையெல்லாம் ஃபோல்டராகக் கருத வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லி வைக்க வேண்டும். அந்த ஒரு வரி டீமில் யாருக்கும் சரியாக அமையவில்லை. கடைசியில் அவள்தான் அமைத்தாள். அன்றிலிருந்து டீமையும் அவள் மனுஷராக மதிப்பதில்லை.

அதே லைப்ரரியை வைத்து மளமளவென்று ஒரு புரோகிராம் எழுதினாள். ஜிப் உள்ளே போய்ப் படங்களை ஃபோல்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், டிஸ்க்கில் இருக்கிற ஃபோல்டர்களை அழித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

"பிரிக்காமயே எப்படி உள்ள போவும்?" என்று கேட்டான் ஆகாஷ்.

"இதுக்கு ஜிப்பும் ஃபோல்டரும் ஒண்ணுதாங்க. சொன்னா உங்களுக்கு இன்னா புரியப் போவுது."

ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரு படம்கூடக் குறையவில்லை. அழிப்பதற்கு முன் பக்கத்துக் கடையில் ஒரு டிஸ்க் வாங்கிவந்து காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றான் அவன்.

"மறுபடியும் ரெண்டா?" என்று கேட்டுவிட்டு பட்டனைத் தட்டினாள்.

இடம் காலியாகத் தொடங்கியது. ஆகாஷின் முகம் மலர்ந்தது. கால்வாசி காலியானது, பாதி காலியானது. பாதியோடு நிற்க வேண்டியது மேலும் போய்க்கொண்டே இருந்தது. அவள் நிறுத்துவதற்குள் டிஸ்க்கே துடைத்து வைத்தமாதிரி ஆகிவிட்டது.

மணிமொழி லேப்டாப்பின் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தாள். புரோகிராம் அழித்தது அங்கே வராது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் பார்த்தாள். பிறகு தான் எழுதியதை மேலிருந்து படித்தாள். ஜிப்பும் ஃபோல்டர்தான் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஃபோல்டர்களை அழி என்று சொன்னவளும் அவள். அது சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது.

வாசலில் ராமசாமியின் வண்டி வந்து நின்றது. மகளையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண்ணின் சிரிப்பு உள்ளே வரைக்கும் கேட்டது.

ஆகாஷ் குனிந்து காலித் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். ராமசாமி மகள் கல்யாணம் இல்லை, லாரிக்காரர் பையன் கல்யாணம் இல்லை, எதுவுமே இல்லை. நிமிர்ந்து, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, மணிமொழியை ஏற இறங்கப் பார்த்தான்.

"அப்ப நமக்கும் கல்யாணம் ஆவல."