செல்லம்மாள் வீட்டுச் சுவர்

"வக்கீல் தம்பி, ஒரு சுவர் இடிஞ்சுபோச்சு. கேஸ் போடணும். நீதான் நடத்தணும்."

பஞ்சாட்சரம் திரும்பிப் பின்னால் பார்த்தான். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தான். வேலூர் முன்சீப் கோர்ட்டுப் புளியமரத்தடியில் அவன் கறுப்புக் கவுனோடு உட்கார ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை அவனிடம் வந்து நின்றவர்கள் எல்லாம் மணி என்ன என்று கேட்டவர்கள்தான்.

"என்னையாம்மா கூப்பிட்டீங்க?"

"பின்ன, மரத்தையா கூப்பிட்டேன்?"

வந்தவள் ஆம்பூர் செல்லம்மாள். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை விற்பவள். பக்கத்து மனையில் மரியம்மாள், அதே ஷாப்புகளுக்குச் சுண்ணாம்பு விற்கிறாள். நடுவில் இருந்த சுவரை மரியம்மாள் இடித்துத் தள்ளிவிட்டாளாம். காற்றடித்தால் சுண்ணாம்பெல்லாம் பறந்து வந்து பட்டைமேல் விழுகிறதாம்.

"சுண்ணாம்பு பட்ட பட்டையை எவன் வாங்குவான்? பேஜாராப் போச்சு தம்பி. அவ இருக்கற திசைல நான் தலை வெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்!"

பஞ்சாட்சரத்துக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்கு வரச்சொல்லி வந்த கடிதம் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. 'இந்த ஒரு கேஸ்ல சமாளிச்சுட்டா வக்கீல். இல்லேன்னா கவுனை மடிச்சுப் பெட்டில வெச்சுட்டு ரைட்டர்' என்று அன்று சாயங்காலமே மனைவி சுந்தரியிடம் சொல்லிவிட்டான்.

மறுநாள் சீனியர் கோதண்டராமனிடம் ஓடினான். ஊரிலேயே பெரிய வக்கீல். அவரிடம்தான் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருந்து தொழில் பழகினான்.

"செல்லம்மா சுவரா?" கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "எடுத்துக்கோ. சந்தேகம் வந்தா எங்கிட்ட வராதே. உன் கட்சிக்காரியையே கேளு."

இது என்ன பேச்சு என்று பஞ்சாட்சரத்துக்குப் புரியவில்லை.

விசாரணை நாள் வந்தது. எதிர்த்தரப்புக்கு நயீம் அகமது. இத்தனை நாளும் அதே புளியமரத்தின் அந்தப் பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன். அவனுக்கும் இதுதான் முதல் கேஸ். இருவரும் பயந்த பயத்தில் பெஞ்சே ஆடியது.

செல்லம்மாளின் சாட்சியம் ஒருவழியாக முடிந்தது. அடுத்து நயீம் தன் கட்சிக்காரி மரியம்மாளைக் கூண்டில் ஏற்றினான்.

"சுவர் மழையிலதானே தானா விழுந்துச்சு?"

பெஞ்சில் இருந்த செல்லம்மாள் இருமினாள். பஞ்சாட்சரத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. மறுபடி இருமினாள். மூன்றாவது இருமலில் பொறி தட்டியது. துள்ளி எழுந்தான்.

"ஆட்சேபிக்கிறேன், கனம் கோர்ட்டாரவர்களே! தன் சாட்சிக்குத் தானே பதிலை ஊட்டுகிறார்!"

"சரிதான். கேள்வியை மாத்திக் கேளுங்க" என்றார் முன்சீப்.

நயீமுக்கு முகம் வெளிறிவிட்டது. கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். கூண்டில் நின்ற மரியம்மாள் பொறுத்துப் பார்த்தாள்.

"'சுவர் எப்பிடி விழுந்துச்சு'ன்னு கேளேன்ப்பா!"

கோர்ட்டே சிரித்தது. நயீமும் சிரித்துவிட்டான். அதன்பிறகு இருவருக்கும் பயம் போன இடம் தெரியவில்லை.

"மழையில விழுந்த சுவர்ல ஒரு செங்கல்கூட உடையலையே. எல்லாம் ஓரமா அடுக்கி வெச்ச மாதிரி கிடக்குதே, அது எப்பிடி?" என்று பஞ்சாட்சரம் குறுக்கு விசாரணையில் மடக்கினான். மரியம்மாள் மோட்டுவளையைப் பார்த்தாள்.

"சுவர் இல்லைன்னு தெரிஞ்சும் வாதி பட்டையை அங்கேயே ஏன் கொட்டினாங்க?" என்று நயீம் வாதத்தில் ஒரு போடு போட்டான். செல்லம்மாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அன்றைக்கே தீர்ப்பு. மரியம்மாள் சுவரைக் கட்டித்தர வேண்டும். செல்லம்மாள் கேட்ட நஷ்டஈடு தள்ளுபடி. ஆளுக்குப் பாதி வெற்றி. "ரெண்டு பேரும் நல்லா நடத்தினீங்க" என்றார் முன்சீப்.

வெளியே வந்ததும் ஒரு தோல் தரகர் பஞ்சாட்சரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "வக்கீல் சார், நம்ம கேஸ் ஒண்ணு கீது. எடுத்துக்கிறீங்களா?" நயீமைச் சுற்றியும் இரண்டு பேர் நின்றார்கள். பஞ்சாட்சரம் ராணிப்பேட்டைக் கடிதத்தை நாலாகக் கிழித்தான். தரையில் கால் பாவவில்லை அவனுக்கு.

அப்போதுதான் செல்லம்மாள் குடையை வராந்தாப் பெஞ்சிலேயே விட்டுப் போயிருந்தது கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். காட்பாடி ரயிலுக்குப் போகும் ஜட்கா வண்டி ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. பின்பக்கமாக நெருங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே செல்லம்மாளும் மரியம்மாளும் ஒரே தூக்குச்சட்டியிலிருந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னாடி உன் வக்கீல் பையன், மூணு தரம் இருமினப்புறம்தான் எழுந்துக்கினான்?" என்றாள் மரியம்மாள்.

"உன் நயீம் மட்டும் ஜாஸ்தியோ? கூண்டுல நின்னுக்கினு நீயே கேள்வி எடுத்துக் குடுத்தியே! கோதண்டராமன்கூட அவன் முதல் கேஸ்ல நம்ம சுவரை வெச்சுக்கினு இப்பிடித்தான் முழிச்சான். இப்ப எங்க இருக்கான் பாரு." செல்லம்மாளின் குரல் தணிந்தது. "உன் தம்பி அந்தோணிக்கும் அன்னிக்கு யாராச்சும் ஒரு கேஸ் குடுத்திருந்தா, கவுனைக் கழட்டிப் போட்டுட்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறியிருப்பானா?"

மரியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு புளியமரத்தை எட்டிப் பார்த்தாள்.

"அங்க பாருடி. புதுசா ரெண்டு பசங்க கவுனோட வந்து உக்காந்துக்கினு இருக்குதுங்க."

"நானும் பாத்தேன். சுவரைக் கட்டி ஈரம் காயட்டும். இந்த வாட்டி இடிக்கிற முறை என்னுது."