சொந்த வார்டுக்குப் பேசக் கூடாது

“என் தெருவுக்கு மரக்கடைக்காரரா பேசப் போறார்? வேற சீட்டு எடுக்கலாமா தலைவரம்மா?”

தையல்கார அக்கா இப்படிக் கேட்டதும் நகராட்சிக் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவி மட்டும் சிரிக்கவில்லை.

“குலுக்கல்ல வந்தது வந்ததுதான். சொந்த வார்டுன்னா எல்லாரும் அழறோம். அடுத்த வார்டுன்னா தூங்கறோம். அதுக்குத்தானே இந்த ஏற்பாடு?”

அடுத்த ஐந்து வருடத்துக்கு ஊரில் எது முதல் வேலை என்று முடிவு செய்ய வேண்டும். முன்பெல்லாம் யார் தொண்டை பெரிதோ அவர் வார்டுக்குத்தான் முதல் இடம். மருந்துக்கடை நடத்தும் இந்த அம்மா தலைவியாக வந்ததும் அதை மாற்றினார். கவுன்சிலர்கள் சீட்டு எடுக்க வேண்டும். வந்த வார்டுக்கு நேரில் போய்ப் பார்த்து, அதற்காகப் பேச வேண்டும். சொந்த வார்டின் பேச்சு வரும்போது வாயே திறக்கக் கூடாது.

தையல்கார அக்காவின் வார்டு தாழ்வான தெரு. மழை பிடித்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். படுத்த படுக்கையான மாமியாரின் கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கி வைத்திருந்தார். வடிகால் கொண்டு வருவேன் என்று சொல்லித்தான் தெருக்காரர்களிடம் ஓட்டு வாங்கினார்.

மரக்கடைக்காரர் மேட்டுத் தெரு கவுன்சிலர். அவர் லாரிகள் சாலையை மறிப்பதைப் பற்றி அக்கா ஒருமுறை மன்றத்தில் கேட்டுவிட்டார். அதிலிருந்து அவர் அக்காவைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பார்.

நல்ல மழையில் ஒருநாள் அவர் வந்தார். குடையும் கையுமாக வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்கண்ணே. எதுவரைக்கும் ஏறுதுன்னு பாருங்க.”

“இங்கிருந்தே தெரியுது.”

“அத்தையோட கட்டிலையாவது வந்து பாருங்க.”

“பார்த்தாச்சும்மா.”

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

அக்காவின் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“அவர் பேசற அழகு தெரிஞ்சு போச்சே. கட்டிலுக்கு இன்னும் ஒரு வரிசை செங்கல் கொண்டு வர்றேன்.”

மன்றம் கூடுகிற அன்று காலையில் கணவர் ஒரு யோசனையும் சொன்னார். “உனக்குப் பேருந்து நிலைய வார்டுதானே வந்திருக்கு? கொஞ்சம் அடக்கி வாசி. அது கீழ போனாதான் நம்மது மேல வரும்.”

“அங்க கழிப்பறை இல்லாம கால் மாத்தி நிக்கறதும் பொம்பளைங்கதாங்க. அதுல போய் அரைகுறையாப் பேச எனக்கு வராது.”

மன்றத்தில் அக்கா அப்படியே முழு மனதாகப் பேசினார். “நானே இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்” என்று அந்த வார்டு கவுன்சிலரே சொல்லிவிட்டார்.

அடுத்து மரக்கடைக்காரர் எழுந்தார்.

“தாழ்வான தெருவுக்கு வடிகால் கேட்டிருக்காங்க. அது வேண்டாம். எடுத்துடுங்க.”

கூடம் சலசலத்தது.

“அண்ணே, நீங்க அந்த வார்டுக்காகப் பேசணும். பழைய கணக்கைத் தீர்க்க இல்ல” என்றார் ஒருவர்.

“தெரியும்.”

தையல்கார அக்கா பாதி எழுந்துவிட்டார். உட்காரும்படி தலைவி கையைக் காட்டினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த முகத்தோடு தெருவுக்குள் நுழைவது என்றுதான் யோசனை ஓடியது.

தலைவி கேட்டார். “அங்க தண்ணி வருதா இல்லையா?”

“முழங்காலுக்கு வருது. வீட்ல ஒரு பெரியம்மா செங்கல் மேல படுத்திருக்காங்க.”

“அப்புறம் ஏன் வேண்டாம்ங்கறீங்க?”

“வடிகால் வெட்டினா அதுவும் சேர்ந்து நிரம்பும், அவ்வளவுதான். தண்ணி அந்தத் தெருவோடது இல்லை. அன்னிக்கு மழையிலேயே, அது வர்ற வழியைப் பிடிச்சுக்கிட்டு மேட்டுக்கு ஏறினேன். ஏரிக்குப் போற பழைய கால்வாய் ஒண்ணு அங்க இருக்கு. அதுக்கு மேல ஒரு கட்டடம் நிக்குது. போக வழியில்லாம தண்ணி இவங்க தெருவுக்கு இறங்குது. கட்டடத்தை எடுத்துட்டா இவங்க வாசல்ல தண்ணி நிக்காது. நகராட்சிக்கு ஒரு செலவும் இல்லை. முதல் இடத்தைப் பேருந்து நிலையத்துக்கே குடுங்க.”

பொறியாளர் தலையைச் சொறிந்தார். “சொல்றது சுலபம் சார். கட்டினவன் கோர்ட்டுக்குப் போனா நம்ம அஞ்சு வருஷமும் அதுலயே கரைஞ்சிடும்.”

“போக மாட்டான்.”

தையல்கார அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “நீங்க எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க? யார் அந்த ஆளு?”

இந்த முறை தலைவி தடுக்கவில்லை.

மரக்கடைக்காரர் முதல்தடவையாக அக்காவை நேராகப் பார்த்தார்.

“என் மரக்கொட்டகைதாம்மா அது. உங்க வாசல்ல வந்து நின்ன அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. காலையிலேருந்து இடிச்சுக்கிட்டிருக்காங்க.”