இரண்டாம் பிரதிவாதி

வாடிப்பட்டி நீதிமன்றத்தின் ஜன்னல் கம்பிகள் வழியே காலை வெயில் பெஞ்சின்மேல் விழுகிறது. அதில் முருகம்மாளும் அவர் கணவர் சோணைமுத்துவும் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துக் கல்குவாரி எல்லை தாண்டித் தோண்டியதில், அவர்கள் அரும்பாடுபட்டுக் கட்டிய வீடு ஒரு பக்கமாகத் தரைக்குள் இறங்கிவிட்டது. நஷ்டஈட்டு வழக்கில், முதலாளி சொன்ன இடத்தில்தான் தோண்டியதாகச் சொல்லி, குவாரியைத் தோண்டிய ஒப்பந்தக்காரர் கைவிரித்தார். "அப்ப சொன்னவரையும் சேருங்க" என்று முருகம்மாள் விடாப்பிடியாக நின்றார். வக்கீல் தமிழ்வாணி மனுப் போட, குவாரி முதலாளி பாலசுந்தரத்தையும் வழக்கில் சேர்க்க நீதிபதி உத்தரவிட்டார். இன்று முதலாளி ஆஜராகும் நாள். வாசலில் சென்ட் வாசனை வீசுகிறது. கசங்காத வெள்ளைச் சட்டையில் பாலசுந்தரம் நுழைகிறார். குவாரிப் பாதையில் அவருடைய காரைக் கண்டாலே எழுந்து பழகிய சோணைமுத்து, தோள் துண்டை இறக்கியபடி பாதி எழுகிறார். முருகம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து இழுக்கிறார். "உக்காருங்க. இது அவரு குவாரியில்ல." மின்விசிறியின் கடகடப்புக்கு மேலே, பெயர் கூப்பிடும் டவாலியின் குரல் எழுகிறது. "பாலசுந்தரம்! பாலசுந்தரம்! பாலசுந்தரம்!" ஐயா என்றோ முதலாளி என்றோ அந்தக் குரல் எதையும் சேர்க்கவில்லை. பாலசுந்தரம் முன்னால் போய்க் கைகட்டி நிற்கிறார். நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வாதி யாரு?" என்று கேட்கிறார். முருகம்மாள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாலசுந்தரத்துக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறார். "நாந்தாங்கய்யா, முருகம்மா." வராந்தாவில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.