சைரனுக்கு அடியில் ஒரு குரல்

ஊர்வலத்தில் இன்ஸ்பெக்டர் சுட்டு ஒருவன் செத்துப்போனான். "சுடாதீங்க சார், கையைத் தூக்கிட்டான்" என்று தான் கத்தியதாகக் காவலர் எஸ்தர் சொன்னதை இரண்டு வருடமாக யாரும் நம்பவில்லை. அப்படி எதுவும் கேட்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் சாதித்தார். கூட வேலை பார்த்தவர்கள் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். மனசுக்குள்தான் கத்தினோமோ என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்தது.

அன்று விசாரணை ஆணையத்தில், யாரோ செல்போனில் எடுத்த வீடியோவின் ஒலியைத் தடயவியல் நிபுணர் போட்டார். சைரனையும் கூட்டத்தின் இரைச்சலையும் மாதக்கணக்கில் உட்கார்ந்து அடக்கியிருந்தார். அவற்றுக்கு அடியிலிருந்து, தொண்டை கிழிய, ஒரு பெண்குரல் எழுந்தது: "சுடாதீங்க சார்! கையைத் தூக்கிட்டான்!" அடுத்த நொடி வெடிச்சத்தம்.

"யார் குரல் இது?" என்றார் நீதிபதி.

எஸ்தர் எழுந்து நிமிர்ந்து நின்றாள். இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தபடி, "என் குரல்தான் ஐயா" என்றாள்.

முன்வரிசையில் இருந்த, செத்தவனின் மனைவி திரும்பி அவளையே பார்த்தாள். பிறகு நீதிபதியிடம், "இன்னொரு தடவை போடச் சொல்லுங்கய்யா. அவருக்காக ஒருத்தி கத்தியிருக்கா, நான் கேக்கணும்" என்றாள்.

மறுபடியும் போட்டார்கள். அது முடியும்வரை எஸ்தர் உட்காரவில்லை.